சிவப்பு மையும் நான்கு மணி ஜன்னலும்

ஒரு கை காகிதத்தை நீவிவிடுகிறது. இன்னொரு கை சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகி, முனையைக் கட்டைவிரல் நகத்தில் கீறிப் பார்க்கிறது. மை வருகிறது. முதல் வரியின் கழுத்திலேயே கோடு விழுகிறது.

இந்தக் கைகள் உங்களுக்குப் பழக்கம்தான். வங்காளத்தில் எந்த ரயிலடி ஊரில் இறங்கினாலும் தெருவுக்கு ஒருவராவது இந்த இனத்தில் கிடைப்பார்: ஆங்கில இலக்கண ட்யூஷன் மாஸ்டர். மருந்துக்கடைப் பலகையைத் திருத்துவார், கல்யாணப் பத்திரிகை வந்தால் திருத்தித் திருப்பி அனுப்புவார், இரங்கல் செய்தி வந்தால் ஒரு நிமிடம் கண்மூடி அஞ்சலி செலுத்திவிட்டு அப்புறம் திருத்துவார். ராணாகாட் என்ற ஊரில் இவருக்கு நிரோத்பரண் சமாத்தார் என்று பெயர்.

அன்று பகல் ஒரு மணிக்கு அவர் எதிரே உட்கார்ந்திருந்தவள் ஜோனாகி. மூன்றாவது பிளாட்பாரத்தில் பொரியைக் கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் போட்டுக் குலுக்கி, காகிதக் கூம்பில் ஜால்முரி விற்பவள். அந்த நாலடி இடத்தின் உரிமம் அன்றோடு முடிகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பம் நான்கு மணிக்குள் ஸ்டேஷன் அலுவலக ஜன்னலுக்குள் போகாவிட்டால், இடம் பக்கத்து சமோசாக்காரனுக்கு. விண்ணப்பத்தை அவளே ஆங்கிலத்தில் எழுதிவிட்டாள். பின்னே இங்கே எதற்கு வந்தாள்? அந்த ஊரில் ஆங்கிலத்தில் எழுதியதை மாஸ்டரிடம் காட்டாமல் கொடுப்பது, குளிக்காமல் பூஜையில் உட்காருவது மாதிரி.

"'எப்போ உரிமம் கிடைக்குமோ, அப்போ கடையைத் திறப்பேன்.' இதுல 'அப்போ' எதுக்கு?"

"நாம அப்படித்தானே பேசுறோம், மாஸ்டர்மஷாய்?"

"நாம பேசுறோம், இங்கிலீஷ்காரன் பேசலையே! நம்ம மொழியில 'எப்போ'ங்கிற அண்ணன் வந்தா 'அப்போ'ங்கிற தம்பியும் பின்னாடியே வருவான். அங்கே அண்ணன் மட்டும்தான் வருவான். அண்ணன் பக்கத்துல எதிர்காலமும் கூடாது. 'கிடைக்கும்' வேணாம், 'கிடைக்குது' போதும்."

"கிடைக்கலையே இன்னும்!"

"இலக்கணத்துல கிடைச்சாச்சு. அடுத்தது. 'உரிமம் வராத வரைக்கும்.' அடப்பாவி! 'அன்டில்'லுக்குள்ளேயே ஒரு 'இல்லை' உட்கார்ந்திருக்கு. அது மடியில நீ இன்னொரு 'இல்லை'யைத் தூக்கி வச்சிருக்கே."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் இந்த இனத்தோடு நமக்குள்ள தொல்லை. தப்பாகச் சொன்னால் எழுந்து போய்விடலாமே.

சிவப்பு விழுந்த காகிதத்தைக் கொடுக்கக் கூடாதாம். சுத்தமாக ஒரு பிரதி எழுதச் சொன்னார். எழுதினாள். சுத்தமான பிரதியைக் கண்டதும் பேனாவுக்குப் புதுப் பசி எடுத்தது. இன்னொரு பிரதி. அதற்குள் மூன்று மணி வகுப்புப் பிள்ளைகள் வந்து ஜமுக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அன்றைய பாடம், நேரத்தைச் சொல்லும் துணைவாக்கியம். ஜோனாகியின் விண்ணப்பம் கரும்பலகைக்குப் போனது.

"படகு கரை சேர்றதுக்கு முன்னாடியே இலிஷ் மீன் வித்துப்போச்சு. எது முதல்ல நடந்தது?"

"மீன் வித்தது!" என்று பதினைந்து வாய்கள் கத்தின.

ஜோனாகி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து. அவளுக்கும் அதே கேள்விதான். எது முதலில் நடக்கும்? ஜன்னல் மூடுவதா, இந்த மனிதர் முடிப்பதா?

"ஜோனாகி, உள்ளே வந்து இந்தத் தேங்காயைக் கொஞ்சம் துருவிக் குடு," என்று சமையலறையிலிருந்து மாஸ்டரின் மனைவி கேதகி குரல் கொடுத்தாள். ஊருக்கே அவள் 'பௌதி', அண்ணி. உள்ளே தேங்காயும் இல்லை, துருவலும் இல்லை.

"முதல்ல எழுதினது எங்கேடி?"

"முந்தானையில முடிஞ்சிருக்கேன், பௌதி. ஆனா பூராவும் சிவப்பு."

"குங்குமம்னு நினைச்சுக்கட்டும். பின்கதவு திறந்திருக்கு, ஓடு! கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஆசையா எழுதின கடிதத்தையே திருத்தி அனுப்பின மனுஷன் இவர். நானும் சுத்தமாப் பிரதி எடுத்துத் திருப்பி அனுப்பினேன், பைத்தியக்காரி!"

மூன்று ஐம்பத்தாறுக்குக் காகிதம் ஜன்னலில் நுழைந்தது. குமாஸ்தா புருவத்தைத் தூக்கினார்.

"என்னம்மா இது, ரத்தக்காயத்தோட வந்திருக்கு?"

"சமாத்தார் மாஸ்டர்மஷாய் பார்த்தது."

குமாஸ்தா தன்னையறியாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே ஜமுக்காளத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்தவராம். விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்தாரா? அதெல்லாம் எதற்கு? முத்திரையை ஊதினார், குத்தினார், ஆங்கிலத்தில் ஒரு ரசீது எழுதினார்: புது உரிமம் வராத வரைக்கும் கடையை நடத்தலாம். அந்த உபரி 'இல்லை' அங்கேயும் ஜம்மென்று மடியில் உட்கார்ந்திருந்தது. மூன்று வருஷம்!

ஜோனாகி ரசீதை ஜாக்கெட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு தன் நாலடி இடத்துக்குப் போய்ப் பொரி டப்பாவைத் திறந்தாள்.

ஆறு மணிக்குச் சமாத்தார் வந்தார். மூச்சு வாங்கியது, முகம் ஜொலித்தது. விண்ணப்பத்தைத் தன் கையாலேயே முத்து முத்தாக எழுதி எடுத்து வந்திருந்தார்.

"இந்தா. நடுவுல எங்கே போயிட்டே? இப்போ இதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. லாட் சாகிப்கிட்டயே கொடுக்கலாம்!"

ஜன்னல் மூடி இரண்டு மணி நேரம் ஆயிற்று என்பது அவர் நினைவில் இல்லை. ஜோனாகியும் நினைவூட்டவில்லை. இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பழக்கப்பட்ட விரல்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றி, அடியை மடித்து, பொரியை நிரப்பி, மேலே தேங்காய்க் கீற்று ஒன்றைச் செருகி, அவரிடமே நீட்டின.

"சாப்பிடுங்க, மாஸ்டர்மஷாய். மிளகாய் கொஞ்சம்தான் போட்டிருக்கேன்."

அவர் வாங்கினார். ஒரு பிடி வாயில் போட்டார். கூம்பைத் திருப்பினார். கண் ஓரிடத்தில் நின்றது. மெல்லுவது நின்றது. கை சட்டைப்பைக்குப் போனது. ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது.

சிரிக்கிறீர்களா? இதைப் படித்துவந்ததில் இரண்டு இடத்தில் நின்று, 'இந்த வார்த்தை இப்படியா வரும்?' என்று முணுமுணுத்தது யாராம்? பேனாவைக் கீழே வையுங்கள். ஜோனாகி அடுத்த கூம்பைச் சுற்றி முடித்துவிட்டாள். இந்தாருங்கள், இது உங்களுக்கு.