மனநிறைவுத் தண்ணீர்ப் பந்தல்

உலகில் தண்ணீர்ப் பந்தல்கள் பல உண்டு. ஆனால் போட்டவர்களின் ஆத்மா மலர்வதற்கென்றே போடப்பட்ட பந்தல், தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் தேவகுமார் போட்டது ஒன்றுதான்.

தேவகுமார் ஒரு தொழிற்சாலையில் ‘குழு மேம்பாட்டு அதிகாரி’. பிடிக்காத வேலையை யாரும் செய்யக்கூடாது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

“யாருக்கு எது மனநிறைவோ அதைச் செய்ங்க. வற்புறுத்தினா அது டீம் இல்ல, ஜெயிலு லா,” என்றார் பந்தல் குழுவின் கூட்டத்தில்.

கோகுலன் மைக்கை எடுத்துக்கொண்டான். பிரியந்தி பூவளைவு. தனுஜா புகைப்படம். திருநாவுக்கரசு பிரமுகர்களை வரவேற்கும் பணியை ஏற்றார். பிரமுகர் யாரையும் அழைக்கவில்லை என்பது சில்லறை விஷயம். தேவகுமார் தமக்கு ‘மேற்பார்வை’யை ஒதுக்கிக்கொண்டார்.

“அண்ணே, எலுமிச்சம்பழம் புழியிறது யாரு?” என்றான் கோகுலன்.

“நல்ல டீம்ல அது தானா நடக்கும் தம்பி.”

பால்குடம் எடுக்கும் மனைவி ராகினிக்கும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார்: மலையிறங்கி வரும்போது தம் கையாலேயே சர்பத்.

தைப்பூசத்தன்று பூவளைவு ஜொலித்தது. “பக்தகோடிகளே, குளுகுளு சர்பத்!” என்று கோகுலன் முழங்கினான். கோடிகளும் வந்தார்கள். உள்ளே, பிழியாத பழமூட்டைக்குப் பக்கத்தில் ஐஸ்கட்டி தானாகவே உருகிக்கொண்டிருந்தது. குழுவில் தானாக நடந்த வேலை அது ஒன்றுதான்.

வெறுங்காலோடு, கொதிக்கும் தாரில் ராகினி வந்து நின்றாள்.

“என்னங்க, நாக்கு ஒட்டிக்கிச்சி. சர்பத் குடுங்க.”

பீப்பாயைத் திறந்தார். காலி.

“ராகினி, அது இன்னும் உருவாகிட்டு இருக்கு...”

“சர்பத்தா?”

“இல்ல, டீம்.”

அவள் சாலையைக் கடக்கத் தொடங்கினாள். எதிர்ப்பந்தலில் ஒரு சீனத் தம்பதி: மனைவி பழம் வெட்டினாள், கணவர் ஊற்றிக் கொடுத்தார். இருவர் முகத்திலும் மனநிறைவுக்கான அறிகுறியே இல்லை.

தேவகுமார் பழமூட்டையை அவிழ்த்தார். கத்தியைத் தேடினார். அது பூவளைவு கட்டப் போயிருந்தது.

“எல்லாரும் இங்க பாருங்க, ஸ்மைல்!” என்றாள் தனுஜா.

பழக்க தோஷம், அவரும் சிரித்தார்.

அடுத்த வாரம் தொழிற்சாலையில் அந்தப் படத்தையே திரையில் போட்டுப் பாடம் நடத்தினார். வளைவின் கீழ் நால்வரும் பல் தெரியச் சிரித்தார்கள். உறுப்பினர் மனநிறைவு நூற்றுக்கு நூறு என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

படத்தின் ஓரத்தில் சாலையைக் கடந்துகொண்டிருந்த பெண்ணை அவர் முன்பே நீக்கிவிட்டிருந்தார். அவள் குழு உறுப்பினர் அல்லவே. தாகத்தோடு வந்தவள், வெறும் மனைவி.