இடுப்பளவுத் தண்ணீரில் புனித நிக்கலஸ்

பிள்ளைகளைப் பற்றி அளவுக்கு மிஞ்சிப் பயப்படுகிறவர்கள்தான் கடைசியில் அவர்களை ஆபத்துக்குள் கொண்டுபோய் விடுகிறார்கள். பயமில்லாத பெற்றோர் கதிரையில் சாய்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மதிலால் குதித்து, மரத்தால் இறங்கி, ஒரு கீறலும் இல்லாமல் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். நான் முதல் வகை. என் மகள் ஜெசி தவழத் தொடங்கிய அன்றே வீட்டுக் கிணற்றுக்கு மேலே வலை கட்டினேன். (கிணற்றுக்கு நெஞ்சளவு கட்டு ஏற்கனவே இருந்தது. தவழும் பிள்ளை அதில் எப்படி ஏறும் என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.) அப்படிப்பட்ட நான்தான், அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு மார்கழிக் காலையில், ஊர்காவற்றுறைக் கடலில், ஓட்ட ஆளில்லாத வள்ளத்தில் அவளைத் தனியே போகவிட்டேன்.

எல்லாம் நத்தார் தாத்தாவால், அதாவது கிறிஸ்மஸ் தாத்தாவால், வந்த வினை. எங்கள் கோயில் பங்கில் நத்தார் தாத்தா வருடா வருடம் உழவு இயந்திரத்தில், பெரிய ஒலிபெருக்கியோடு, பிளாஸ்டிக் முகமூடி போட்டுக்கொண்டு ஆடி ஆடி வருவார். மூன்று வயதில் அந்த முகமூடியைப் பார்த்த ஜெசிக்கு அன்று இரவே காய்ச்சல் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வியும் படிப்பிக்கிற நான் இதைத் திருத்தியே ஆவது என்று முடிவெடுத்தேன். பங்குக் கூட்டத்தில் எழும்பி நின்று விளக்கினேன்: நத்தார் தாத்தா பனிமலையில் இருந்து வந்தவர் அல்ல, அவர் நிக்கலஸ் என்ற ஆயர். கடலோரப் பட்டினத்தில் வாழ்ந்தவர். கடலோடிகளின் பாதுகாவலர். சீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் மூன்று பெண்களுக்காக யன்னலால் பொன் முடிச்சுகளை எறிந்துவிட்டுப் போனவர்.

சீதனம் என்றதும் பின் வாங்குப் பலகையில் நித்திரையாக இருந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு நான்கு பெண்கள். இப்படி ஒரு புனிதரை இவ்வளவு காலமும் ஏன் எங்களுக்கு மறைத்து வைத்திருந்தீர்கள் என்று பங்குச் சுவாமியாரைப் பார்த்தே கேட்டார். அத்தோடு என் தீர்மானம் நிறைவேறியது.

திட்டம் மிக அழகானது. நத்தாருக்குப் பின்வரும் மாசில்லாக் குழந்தைகள் திருநாளில், ஏரோது மன்னன் கொன்ற குழந்தைகளை நினைத்து, எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம் கொடுப்பார்கள். காலைப் பூசை முடிந்ததும் பிள்ளைகள் கடற்கரைக்கு வரவேண்டும். புனித நிக்கலஸ் கடலால் வரவேண்டும். பக்கத்தில் சிறகு வைத்த ஒரு சம்மனசு, தேவதூதர், அதாவது ஜெசி, இனிப்புப் பெட்டியோடு. வள்ளத்தை என் மனைவியின் தம்பி அன்ரன் ஓட்டுவான். அவனுடைய கரையில் ஏறி, முனையைச் சுற்றி, கோயிலடியில் இறங்குவது. ஒரு செபமாலை சொல்லி முடிக்கமுதல் போய்விடலாம்.

உடுப்பு நானே தயாரித்தேன். உள்ளே மனைவி பிலோமினாவின் வெள்ளை இரவுச்சட்டை. அதற்கு மேலே முன் அறையின் சிவப்புத் திரைச்சீலை. தலையில், தடித்த அட்டையில் செய்து பொன் தாள் ஒட்டிய, ஆயர்மார் வைக்கும் உயரமான முடி. முகத்தில் பஞ்சுத் தாடி. கையில், தண்ணீர்க் குழாயை நெருப்பில் காட்டி வளைத்த செங்கோல். பிலோமினா என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஆயர் மாதிரி இல்லை," என்றாள். "எங்கட முன் அறை எழும்பி நடக்கிற மாதிரி இருக்கு."

பாதுகாப்பில் நான் குறை வைக்கவில்லை. ஜெசிக்கு மிதவை அங்கி போட்டு, அதற்கு மேலேதான் சிறகைக் கட்டினேன். (கொஞ்சம் கொழுத்த சம்மனசு.) ஒரு பையில் விசில், டோர்ச், குளுக்கோஸ், குடை, என் கைத்தொலைபேசி எல்லாம் வைத்தேன். பையை வள்ளத்தின் நடுவில் பத்திரமாக வைத்தேன்.

புறப்பட்டபோது லேசாகப் புகார், அதாவது மூடுபனி, கவிந்திருந்தது. முனையைத் தாண்டும்போது கரை போய்விட்டது. பிறகு கடலும் போய்விட்டது. வெள்ளை மட்டும்தான். வள்ளத்தின் மூக்கில் உட்கார்ந்திருந்த ஜெசியின் சிறகு எது, புகார் எது என்று சொல்ல முடியவில்லை. இஞ்சின் சத்தம்கூடப் பஞ்சுக்குள்ளால் வருவதுபோல் இருந்தது. எங்கேயோ ஒரு பறவை தண்ணீரைத் தட்டிப் பறந்தது. எனக்குப் பயம் வரவேண்டிய நேரம். ஆனால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு வந்தது ஒருவித மயக்கம். நான் உண்மையிலேயே நிக்கலஸ் என்றும், ஏதோ பழைய காலத்துக் கடலில் போகிறேன் என்றும் தோன்றியது. இல்லாத மக்களுக்குக் கையை உயர்த்தி ஓர் ஆசீர்வாதமும் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் இஞ்சின் நின்றது. வற்று நேரம். கடலடிப் புல், நாங்கள் சாதாளை என்று சொல்வது, இஞ்சினின் விசிறியில் சுற்றிக்கொண்டுவிட்டது. வள்ளத்தின் மூக்கு மணல்திட்டில் குந்திவிட்டது. அன்ரன் பின்பக்கமாக இறங்கினான், அங்கே இடுப்பளவு தண்ணீர். தள்ளிப் பார்த்தான். அசையவில்லை.

"அத்தான், நீங்களும் இறங்கினாத்தான் இது எழும்பும்," என்றான்.

இறங்கினேன். இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். என் எடை போன சந்தோஷத்தில் வள்ளம் ஒரே வழுக்கலில் திட்டைத் தாண்டியது. நான் முகங்குப்புற விழுந்தேன். அன்ரன் என்னைத் தூக்கினான். நிமிர்ந்தபோது வள்ளம் இல்லை. வெள்ளை மட்டும்தான் இருந்தது.

அது ஓர் இழுவையும் இல்லாததுபோல் தெரியும் கடல். ஆனால் வற்றும்போது தண்ணீர் சத்தமில்லாமல் வெளிக்கடலுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். அன்ரனின் முகத்தைப் பார்த்தேன். மீனவன் முகம் வெளிறினால் அதற்குமேல் யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை.

"ஜெசி!" என்றேன்.

"என்னப்பா," என்று எங்கோ இருந்து வந்தது. கிட்டத்தான். ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. புகாருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது.

"ஜெசி!"

"ஓம் அப்பா. இருக்கிறன்."

"ஜெசி!"

பதில் இல்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். இல்லை. இதற்குக் காரணம் நான்தான். விழித்த நேரம் முதல் படுக்கும்வரை, காரணமிருந்தும் இல்லாமலும் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறவன் நான். அதனால் மூன்றாவது கூப்பாட்டுக்குப் பிறகு பதில் சொல்வதில்லை என்பது அவள் தன் பாட்டுக்கு வகுத்துக்கொண்ட சட்டம். வீட்டில் அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

அன்ரன் சத்தம் வந்த பக்கம் என்று தனக்குத் தோன்றிய பக்கமாக நடக்கத் தொடங்கினான். "நீங்கள் அசையாமல் நில்லுங்கோ. அசைஞ்சா உங்களையும் தேடவேணும். அவளைக் கதைக்க வையுங்கோ," என்று சொல்லிவிட்டு அவனும் வெள்ளைக்குள் போய்விட்டான்.

எனக்கு நீந்தத் தெரியாது. (கிணற்றுக்கு வலை கட்டுகிற குடும்பம்.) நனைந்த திரைச்சீலை ஒரு ஆள் பாரம் இருந்தது. செங்கோலைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், வானத்தைப் பார்த்து, "அந்தோனியாரே!" என்று கதறினேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்.

புகாருக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல், நல்ல தெளிவாக, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு பின்னேரமும் புனிதர்கள் மன்றாட்டுமாலை சொல்வோம். நான் புனிதரின் பெயரைச் சொல்வேன். மற்றவர்கள் பதில் சொல்லவேண்டும். பதில் தப்பினால் பிலோமினா கிள்ளுவாள். அப்பா தன்னைக் கூப்பிட்டால் ஜெசி கணக்கெடுக்கமாட்டாள். ஆனால் அப்பா செபம் தொடங்கிவிட்டார்!

"இராயப்பரே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"அத்தான், விடாதேங்கோ," என்று தூரத்தில் அன்ரனின் குரல் கேட்டது. "எனக்குத் திசை பிடிபடுது."

விடவில்லை. அப்போஸ்தலர்கள் எல்லாரும் வந்தார்கள். வேதசாட்சிகள் வந்தார்கள். கன்னியர்கள் வந்தார்கள். தீவுகளில் எந்தெந்த ஊர்க் கோயிலில் எந்தப் புனிதர் இருக்கிறார் என்று மனத்தால் கரையோரமாக நடந்து ஒவ்வொருவராகக் கூட்டி வந்தேன். குரல் சிலநேரம் கிட்டவும் சிலநேரம் எட்டவும் கேட்டது. எட்டக் கேட்கும்போதெல்லாம் அடுத்த புனிதரை இன்னும் பலமாகக் கூப்பிட்டேன்.

"தோமையாரே!"

திருத்தம்தான் வந்தது: "அப்பா, தோமையார் முதலே வந்திட்டார்."

சொன்ன புனிதருக்கு மறுபடி பதில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சரித்திர ஆசிரியர், மறைக்கல்வி ஆசிரியர், புனிதர்களைப் பற்றிப் பங்குக்கே வகுப்பெடுத்தவர். அந்த மனிதருக்குப் புனிதர்கள் முடிந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் வாயில் வந்த பெயர் என் மாமனாருடையது. "செபஸ்தியாம்பிள்ளை மாமாவே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றாள் ஜெசி, சந்தேகமே இல்லாமல்.

"அத்தான்," என்றது அன்ரனின் குரல், "ஐயா கள்ளுக் குடிச்சு விழுந்து செத்தவர்."

அடுத்த பெயருக்குப் பதில் இரண்டு குரலில் வந்தது. ஒன்று ஜெசி. மற்றது தடித்த, வயதான ஆண் குரல், என் முதுகுப் பக்கமிருந்து. அந்த முரட்டுக் குரலில் ஜெசியின் குரல் அமிழ்ந்து போனது. "ஆரது குறுக்க செபம் சொல்லுறது?" என்று அன்ரன் கத்தினான். நான் பதறிப்போனேன். பெயர்கள் தட்டுப்படவில்லை. பதற்றத்தில் வாய் தானாக மன்றாட்டுமாலையின் கடைசி வரிக்குப் போய்விட்டது: "உலகின் பாவங்களைப் போக்கும் செம்மறியே!" மூன்று தரம் சொல்வது வழக்கம். மூன்று தரமும் சொன்னேன். மூன்று தரமும் பதில் வந்தது. பிறகு ஜெசி, "ஆமென்," என்றாள்.

அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. செபத்தை நான்தான் முடித்துவிட்டேன்.

மீண்டும் அந்தோனியாரைக் கூப்பிட்டேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அழுதேன். வெள்ளைக்குள்ளிருந்து வந்தது ஒரு சின்ன வள்ளம். அதில் சவரிமுத்து அண்ணை, தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, முழந்தாளில். ஆழமில்லாத கடலில் கம்பு நட்டுக் கட்டும் களங்கண்டி வலையைப் பார்க்க வந்தவர். செபச் சத்தம் கேட்டுத் தானும் பதில் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் கண்ணுக்கு முன்னால், கடல் நடுவே, இடுப்பளவு தண்ணீரில், முடியும் செங்கோலுமாக ஒரு மேற்றிராணியார், சாட்சாத் ஆயரே, நிற்கிறார். அண்ணையின் வாய் திறந்தபடியே இருந்தது.

"பிள்ளையைக் கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"பாலனோ சுவாமி?" என்றார் மிகப் பணிவாக. "அவர் கோயில்ல, குடிலுக்குள்ள சுகமா இருக்கிறார்."

நான் தாடியைப் பிடுங்கி எறிந்தேன். அவர் உற்றுப் பார்த்தார். "நீர் பிலோமினாவின்ர மனிசனெல்லே?" என்றார். ஒரு மனிதனின் முகத்தில் அவ்வளவு பெரிய ஏமாற்றத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஆனாலும் கை கொடுத்து ஏற்றினார். விஷயத்தைச் சொன்னதும் கோலை ஊன்றித் தள்ளினார்.

வெயில் ஏறிப் புகார் மெல்லிய துணிபோல் கிழியத் தொடங்கியது. ஒரு கிழிசலுக்குள் அன்ரனின் தலை தெரிந்தது. இன்னொன்றில் எங்கள் வள்ளம், அடுத்த சாதாளைத் திட்டில் சாய்ந்து நின்றது. அதில் யாரும் இல்லை. யாரும் இல்லாத அந்த வள்ளத்தை இன்றைக்கும் கனவில் காண்கிறேன். கிட்டப் போனோம். வலைக் குவியலுக்கு மேல் ஒரு சிறகு. சிறகுக்குக் கீழே ஜெசி, வாயில் ஓர் இனிப்பை அடக்கியபடி, நல்ல நித்திரை. மன்றாட்டுமாலை முடிந்தால் வீட்டில் அவள் தூங்கிவிடுவாள்.

கோயிலடியில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சாயம் இறங்கிய திரைச்சீலையும், தலையில் ஈரப் பலகாரம்போல் தொய்ந்த முடியுமாக, ஒரு சம்மனசைத் தோளில் போட்டுத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டு நான் கடலுக்குள்ளால் நடந்து வந்தேன். ஒரு பிள்ளைகூடப் பயப்படவில்லை. ஒரு குட்டி மட்டும், ஏரோது துரத்தினவனோ என்று தாயிடம் கேட்டதாம். சுவாமியார் என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் உழவு இயந்திரமே போதும் என்றார்.

இப்போது ஜெசி நெடுந்தீவில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். திங்கட்கிழமை காலையில் குறிகட்டுவானில் படகு ஏறுவாள். மூன்றாவது அழைப்புக்குப் பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை, சட்டம் மாறவில்லை. அதனால் நான் ஒரு புனிதரின் பெயரை மட்டும் அனுப்புவேன். அடுத்த கணமே "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் வரும். இறங்குதுறையில் கால் வைத்ததும், வந்து சேர்ந்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக, மன்றாட்டுமாலையின் கடைசி வரியான செம்மறியை அவள் அனுப்பவேண்டும். வீட்டில் யார் எங்கே பயணம் போனாலும் இதுதான் இப்போது வழக்கம். கனடாவில் இருக்கும் மச்சாள்கூட விமான நிலையத்திலிருந்து செம்மறி அனுப்புகிறாள்.

போன திங்கட்கிழமை வாடைக்காற்று கடுமையாக இருந்தது. அன்று புனிதர்களை அவள்தான் அனுப்பினாள். யாகப்பர், இன்னாசியார், சவேரியார் என்று ஒருவர் பின் ஒருவராக. நான் பதில் போட்டபடியே இருந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. (கேட்காமலிருக்க நான் பட்ட பாட்டைப் புனிதர்கள் அறிவார்கள்.) கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது: "அப்பாவே."

உயிரோடு இருக்கிறவர்களை மன்றாட்டுமாலையில் சேர்க்க ஏலாது என்று மறைக்கல்வி ஆசிரியராக நான் விளக்கம் எழுதத் தொடங்கினேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை, கண்ணீர் மறைத்தது. பிலோமினா தொலைபேசியைப் பறித்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்று தானே போட்டாள்.

செம்மறி வந்தபோது புட்டு ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.