மூன்று பாடமும் ஒரு கோப்பும்

"மூன்று பாடங்களா? அதிகம். குறைக்கவும்."

பதவி உயர்வு விண்ணப்பத்தின் மேல் தட்டச்சு செய்து ஒட்டியிருந்த வரியைப் படித்ததும் அவருக்கு உச்சந்தலை கொதித்தது. புவியியல் நடத்த வந்த மனிதரை, ஆள் இல்லை என்று சமயவியலுக்கும், அங்கிருந்து கல்வியியலுக்கும் தள்ளிவிட்டதே இந்தக் கல்லூரிதான். இருபத்திரண்டு வருடமாக அறைக் கதவில் 'இணைப் பேராசிரியர்' என்ற பலகை. ஓய்வு பெற இன்னும் நான்கே மாதம். அதற்குள் அந்த 'இணை' உதிர வேண்டும். நாமாவது அவரைப் பேராசிரியர் என்றே சொல்லிவிடுவோம், பாவம்.

"யாருங்க இப்படி எழுதினது?" என்றாள் மனைவி.

"எவனோ ஒரு மதிப்பீட்டாளன். அவன் யாருன்னு எனக்குச் சொல்ல மாட்டாங்க. என் பேரையும் மூடி ஒட்டித்தான் அவனுக்கு அனுப்புவாங்க."

"ஒண்ணு ரெண்டு பாடத்தை எடுத்துட்டாத்தான் என்ன?"

எடுத்தார். அடுத்த வாரம் பதில் வந்தது. "ஒரே பாடமா? போதாது. சேர்க்கவும்."

"நல்ல யோசனை சொன்னே போ!"

"நான் எடுக்கச் சொன்னேன். இப்படி வழிச்சு எடுக்கச் சொல்லலையே!"

பேராசிரியர் கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மலைகளையும் கடவுள்களையும் ஒரே முடிச்சில் போட்டு, அதை வகுப்பில் நடத்தும் முறையை வாலாகச் சேர்த்து எண்பது பக்கம் எழுதி அனுப்பினார். வெள்ளிக்கிழமை அலுவலக உதவியாளர் வழக்கம்போல் கோப்புக் கட்டுடன் வந்து நின்றார்.

"சார், இந்த வாரக் கோப்புங்க. படிச்சுப் பார்த்து..."

"என் பாடே திண்டாட்டமா இருக்கு. ஊரார் கோப்பைப் படிக்க நேரம் ஏதுய்யா? எப்பவும்போல நீயே ரெண்டு வார்த்தை போட்டுக்கோ."

எண்பது பக்கமும் போன வேகத்தில் திரும்பி வந்தது. "குழப்பம். முதலில் எழுதியதே மேல்."

பேராசிரியர் அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தார். "அந்த ஆளை நான் இப்பவே பார்க்கணும்! ஒரு பக்கமாவது புரட்டியிருப்பானா அவன்? ஒரு மனுஷனோட வாழ்க்கைய்யா இது!"

உதவியாளர் தலையைச் சொறிந்தார்.

"மூணு பாடமும் தெரிஞ்சவங்கதான் மதிப்பிடணும்னு விதி சார். இங்க அப்படி நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க?"