மனிதக் கை படாத முந்தானை

உலகில் கணினி கண்டுபிடிக்கப்பட்டதன் உண்மையான நோக்கம் 2002-ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில்தான் நிறைவேறியது. அமெரிக்காக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்; அவர்களுக்குப் பொறாமை. அந்த ஆண்டில்தான் முத்துப்பேழைப் பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கம், தன் புடவைகளை 'உலகளாவிய வலை'யில் விற்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், கைதட்டியவர் யாருக்கும் வலை என்றால் என்னவென்று தெரியாது. தெரியாத விஷயத்தில்தானே ஏகமனது வாய்க்கும்.

இந்த மாபெரும் பணிக்குச் சங்கம் ஒரு புரோகிராமரை எடுத்தது. செவிலிமேட்டு சத்யராஜ். அவன் தெருவிலிருந்து எம்.சி.ஏ. படித்த முதல் ஆள். செயலாளர் சக்ரவர்த்தி அவனை எதிரில் நிறுத்தி, மேஜை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பரிவோடு பேசினார்.

"இப்போதைக்கு தினக்கூலிப்பா. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியற முன்பக்கம் பத்திக் கவலையில்லை. பின்னால இருந்து கணக்கு வழக்கெல்லாம் பாத்துக்கற பேக்எண்ட், அது எந்த பிளாட்ஃபாரம்னு கமிட்டி முடிவு பண்ணணும். முடிவானதும் உன்னை பர்மனென்ட் பண்ணிடலாம்."

"ரெண்டு நாள்ல முடிவு பண்ணிடலாம் சார். சின்ன சைட்டுதான். ஸ்டாக்கு, ஆர்டர், விலாசம். எதுல எழுதினாலும் ஓடும்."

சக்ரவர்த்தி அவனைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எதுல எழுதினாலும் ஓடும்னா, அப்புறம் கமிட்டி எதுக்குப்பா?"

சத்யராஜ் தினக்கூலிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான்.

அந்த 'பர்மனென்ட்' அவனுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. தெருக்கோடி வீட்டு சுகாசினி, ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். கல்யாணம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தாயிற்று. அவர்களுக்குக் கமிட்டி தேவைப்படவில்லை. பாக்கி இருந்தது அவள் அப்பா யேசுதாஸ் மட்டும். அரசு அலுவலகம் ஒன்றில் நிரந்தர வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உம்மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லப்பா. நல்ல புள்ளதான் நீ. ஆனா எங்கப்பன் ஊரான் கழனில தினக்கூலிக்கு நின்னுக்கினு செத்தாரு. திரும்பவும் தினக்கூலிக்கே பொண்ணு குடுக்கவா நான் காக்கி போட்டேன்? சீல் வெச்ச ஆர்டர் ஒண்ணு கையில எடுத்துக்கினு வா. அன்னிக்கே பேசலாம்."

அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்பதுதான் சத்யராஜுக்கு வேதனை.

இனி 'பேக்எண்ட் தேர்வுக் குழு'வின் மாண்பைச் சொல்ல வேண்டும். கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று கோர்ட்டுப் படி ஏறிய ஊர் இது. ஒரு விஷயத்தை எடுத்தால் லேசில் விடுகிற வழக்கம் இங்கே கிடையாது. குழுவில் மூவர்; ஆளுக்கு ஒரு பிளாட்ஃபாரம். இயக்குநர் கலியாணசுந்தரம் ஜாவா கட்சி. அவருடைய அக்கா மகன் நியூஜெர்சியில் ஜாவா எழுதித்தான் வீடு வாங்கினான். இயக்குநர் முனிரத்தினம் டாட்நெட் கட்சி. சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய், பிரியாணியும் தோள்பையும் பெற்று, கொள்கைப் பிடிப்போடு திரும்பியவர். செயலாளர் சக்ரவர்த்தி பிஎச்பி கட்சி; அது இலவசம் என்று கேள்விப்பட்டிருந்தார்.

"ஜாவால சாயம் போவுமா?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"கெட்டிச் சாயம். எங்க அக்கா மவன் அஞ்சு வருசமா அதுலதான் இருக்கான், ஒண்ணும் ஆவல."

"டாட்நெட்ல பை குடுக்கறான்பா. உங்க ஜாவால இன்னா குடுக்கறான்?"

"ஓசில வர்றது ஒண்ணு இருக்கறச்சே, ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போடறேள்?" என்று நடுநிலையோடு கேட்டார் சக்ரவர்த்தி.

"ஓசில வர்ற நூல்ல புடவை நெய்வீங்களா சார்?" என்றார் கலியாணசுந்தரம். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

ஒத்திவைத்த கூட்டம் மீண்டும் கூடியது, மீண்டும் ஒத்திப்போனது. ஆய்வுக்காகக் குழு பெங்களூர் போனது. சர்வருக்குக் குளிர் அவசியம் என்று யாரோ சொன்னதால் ஊட்டியும் போய், குளிர் எப்படி இருக்கும் என்று நேரில் கண்டறிந்து குறிப்பெழுதிக்கொண்டு வந்தது. அதற்குள் ஜாவா, டாட்நெட், பிஎச்பி மூன்றுமே ஆளுக்கு இரண்டு மூன்று அவதாரம் எடுத்துவிட்டன. சத்யராஜ் தினமும் கையெழுத்துப் போட்டான், தினக்கூலி வாங்கினான், சுகாசினிக்குச் சமாதானம் சொன்னான்.

கடைசியில் காஞ்சிபுரத்துக்காரர்கள் மட்டுமே எடுக்கக்கூடிய ஒரு முடிவைக் குழு எடுத்தது. நம் புடவையின் பெருமையே கோர்வைதான் அல்லவா? உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், முந்தானை ஒரு நிறம். மூன்றையும் தறியிலேயே கோர்த்துவிடுவார்கள், இழுத்தாலும் பிரியாது. ஆகவே வலைத்தளத்துக்கு உடல் ஜாவா, கரை டாட்நெட், முந்தானை பிஎச்பி. ஸ்டாக்கு ஒன்றில், ஆர்டர் ஒன்றில், விலாசம் ஒன்றில். மூவர் மனமும் நிறைந்தது. ஒப்பந்தம் கிடைத்த மூன்று கம்பெனிகளின் மனமும் நிறைந்தது.

"மூணையும் கோர்க்கறது யாரு சார்?" என்று கேட்டான் சத்யராஜ்.

"தன்னால கோர்த்துக்கும். கம்ப்யூட்டர்தானே" என்றார் சக்ரவர்த்தி.

கோர்வைத் தறி என்றால் கூடவே இன்னொரு ஆள் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை வாங்கித் திருப்பி எறிய வேண்டும் என்பது ஊரில் பால்காரருக்குக்கூடத் தெரியும். குழுவும் அதை மறக்கவில்லை. அந்த ஆளைத் தீர்மானத்தில் எழுதாமல் விட்டது, அவ்வளவுதான்.

நூல் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையில் மூன்று கம்ப்யூட்டர்களை வைத்தார்கள். நடுவில் ஒரு ஸ்டூல். சிங்கப்பூரில் ஓர் அம்மாள் பட்டனை அமுக்கினால், இங்கே சத்யராஜ் முதல் கம்ப்யூட்டரில் அதைப் படித்து, இரண்டாவதில் அடித்து, மூன்றாவதிலும் அடித்து, தறிக்காரருக்கு போன் போட்டுச் சொல்லி, அந்த அம்மாளுக்குப் பதிலும் அனுப்புவான். 'தங்கள் ஆர்டர் மனிதக் கை படாமல் ஏற்கப்பட்டது' என்பது பதில். வாசகம் சக்ரவர்த்தியுடையது. அதைத் தினமும் சத்யராஜ் தன் கையால் அடித்தான்.

"சார், பிளாட்ஃபாரம்தான் முடிவாயிடுச்சே. என் ஆர்டர்..." என்று ஒருநாள் போய் நின்றான்.

"ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா பர்மனென்ட்னு பேச்சுப்பா. நாம மூணு எடுத்துட்டோம். மூணு எடுத்தா என்ன பண்றதுன்னு தீர்மானமே இல்லையே" என்று உண்மையாகவே வருந்தினார் சக்ரவர்த்தி.

2008-இல் சங்கத்துக்கு மாநில அளவில் ஒரு கேடயம் கிடைத்தது. 'மனிதத் தலையீடு இன்றி இயங்கும் சிறந்த கூட்டுறவு வலைத்தளம்.' பார்வையிட அதிகாரி வந்த அன்று சத்யராஜை எதிர் டீக்கடையில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். ஆளில்லாத அறையில் மூன்று கம்ப்யூட்டர்களும் ஒன்றும் செய்யாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தன. 'மிக அமைதியாக இயங்குகிறது' என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார்.

அதே மாதம் சுகாசினி வந்து சொன்னாள். "அரக்கோணத்துல ரயில்வே மாப்பிள்ளையாம். அப்பா பேசி முடிச்சிட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஆறு வருசமா வேணாம் வேணாம்னு சொல்லிக்கினுதான் இருந்தேன். உன் ஆர்டர் எங்கன்னு கேக்குறாரு. நான் இன்னா சொல்ல, ஊட்டிக்குப் போயிருக்குதுன்னா?"

சத்யராஜுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. யார் மேல் காட்டுவது? மூன்று கம்ப்யூட்டர் மேலும் காட்ட முடியாது. அதில் ஒன்று கெட்டாலும் கூலியில் பிடிப்பார்கள்.

கல்யாணப் புடவையைக் காஞ்சிபுரத்துக்காரரே எடுத்துவிடுங்கள், பணம் தந்துவிடுகிறோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். யேசுதாஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. கேடயம் வாங்கிய தளத்திலேயே வாங்குவது என்று பிரவுசிங் சென்டருக்கு மகளை அழைத்துப் போனார். சந்தன நிறம், அரக்குக் கரை, முந்தானையில் மணமக்கள் பெயர் ஜரிகையில். அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் புடவைப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்க, சுகாசினி தட்டினாள்.

ஆர்டர் சத்யராஜ் முன்னால் வந்து விழுந்தது. பார்த்தான். மறுபடி பார்த்தான். மறுநாள் அவளுடைய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டான்.

"சுகா, மணமகன் பேரு காலியா இருக்குது."

"தெரியும். நான்தான் உட்டேன்."

"காலியா இருந்தா தறிக்குச் சொல்ல முடியாது."

"மனுசன் கையே படாதுன்னு போட்டிருக்குதே உங்க சைட்டுல. கம்ப்யூட்டர் இன்னா போடுதோ போடட்டும்."

"இங்க கம்ப்யூட்டர் ஒண்ணும் போடாது. நான்தான்."

"அது எனக்குத் தெரியாதா? ரொப்பு" என்று போனை வைத்துவிட்டாள்.

முதல் கம்ப்யூட்டரில் ஒரு பெயரை அடித்து, அழித்து, மறுபடி அடித்தான். இரண்டாவதில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தான். மூன்றாவதில் நிதானமாக, எழுத்துப் பிழையில்லாமல் அடித்தான். பிறகு யேசுதாஸுக்குப் பதில் அனுப்பினான்: 'தங்கள் ஆர்டர் மனிதக் கை படாமல் ஏற்கப்பட்டது.'

புடவை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் பிரித்தார்கள். 'சுகாசினி – சத்யராஜ்' என்று ஜரிகை மின்னியது. அரக்கோணத்து அம்மாள் அதை வாய்விட்டுப் படித்தாள். தன் மகனுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். காபி ஆறுவதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். சுகாசினி டம்ளர்களை எடுத்துப்போய்க் கழுவினாள்.

யேசுதாஸ் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகச் சங்கத்துக்குள் நுழைந்தார். குழு கூடியிருந்தது.

"எவன் போட்டான் இந்தப் பேர?"

சங்கத்தின் வாழ்வா சாவா அந்தக் கேள்வியில் இருந்தது. ஓர் ஆள் போட்டான் என்றால், உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்றாகும். கேடயம் போகும். மூன்று கம்பெனி ஒப்பந்தமும் சந்திக்கு வரும். ஆறு வருடமாக ஒருவனைத் தினக்கூலியில் வைத்து மூன்று கம்ப்யூட்டருக்கு நடுவே உட்காரவைத்திருந்த கதையும் வெளியே வரும்.

"யாரும் போடலை. இங்கே மனுஷாளே கிடையாது. வேணும்னா கேடயத்தைப் பாருங்கோ" என்றார் சக்ரவர்த்தி.

யேசுதாஸ் கிடங்குப் பக்கம் போய், பின்னறைக் கதவைத் தள்ளி, சத்யராஜின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். "அப்ப இவன் யாரு? உங்க ஆளா, இல்லியா?"

கலியாணசுந்தரம் விட்டத்தைப் பார்த்தார். முனிரத்தினம் தோள்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். ஆமாம், எங்கள் ஆள் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அடுத்த வார்த்தையில் வேலையை விட்டு நீக்கினாலும் பரவாயில்லை என்று சத்யராஜ் நின்றான்.

சக்ரவர்த்தி மூக்குக் கண்ணாடியைப் போட்டு முந்தானையை நிதானமாகப் படித்தார். "இவரா? புடவையிலேயே போட்டிருக்கே. உங்க மாப்பிள்ளை."

யேசுதாஸ் புடவையை மடித்து மேஜைமேல் வைத்தார். முப்பது வருடம் அரசு வாசலில் நின்றவர் அவர். வாய்ப்பேச்சு எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரியும்.

"எழுதிக் குடுங்க. சீல் வெச்சி."

கூடியிருந்த குழு உடனே தீர்மானத்தில் இறங்கியது. ஊட்டிக்குப் போகவில்லை, ஒத்திவைக்கவில்லை, டீ வருவதற்குள் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. முத்திரை குத்தி, கையெழுத்திட்டு, யேசுதாஸ் கையில் கொடுத்தார்கள். சத்யராஜ் என்று ஒரு மனிதன் இருக்கிறான் எனச் சங்கம் ஒப்புக்கொண்டு எழுதிய ஒரே தாள் அதுதான். அவன் யேசுதாஸின் மாப்பிள்ளை என்றும், இந்தச் சங்கத்தில் அவன் ஒருநாளும் வேலை செய்ததில்லை என்றும் அதில் கண்டிருந்தது.