‘போயிடும்’ வைத்தியர்

முழங்காலில் யாருக்கு அடிபட்டாலும் அங்கே முளைத்துவிடுகிற ஓர் இனம் உண்டு. ‘போயிடும்’ வைத்தியர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். வலியா, போயிடும். வீக்கமா, போயிடும். இருபது வருடத்துக்கு முன் பனிச்சறுக்கில் சுளுக்கிய தன் முழங்கால் மூன்றே நாளில் சரியானதால், நார்வேயில் உள்ள அத்தனை முழங்கால்களையும் தன் முழங்காலாகவே பார்ப்பவர் இவர். படித்திருக்கிறாரா? அந்தச் சுளுக்குதான் படிப்பு.

எங்கள் குடும்பத்தில் அவர் பெயர் ஹல்வார். என் சகலை.

சென்ற ஈஸ்டர் விடுமுறையில், மலைக்குடிலுக்கு அருகே என் மனைவி குன்வோர் சறுக்கி வந்து மரத்தில் மோதினாள். முழங்கால் பக்கவாட்டில் விலகி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தானாக உள்ளே போய்விட்டது. ஹல்வாருக்கு ஒரே மகிழ்ச்சி. குடிலில் அடுப்போரம் அவளைப் படுக்கவைத்து, முழங்காலைச் சுற்றிப் பனியை அப்பி, கையில் ஓர் ஆரஞ்சையும் உரித்துக் கொடுத்தார். கால்விரல் மரத்துப்போகிறது என்றாள். பனி வைத்தால் மரக்கத்தானே செய்யும் என்றார். பாதம் சில்லென்று இருக்கிறது என்றாள். அதுவும் பனிதான். எப்படிப்பட்ட வைத்தியம் பாருங்கள், நோயாளி சொல்லும் எல்லாவற்றுக்கும் வைத்தியமே காரணம்! பனி உருகியதும் இன்னொரு வாளி வந்தது.

ஹல்வாரின் மனைவி தோர்டிஸ்தான் குன்வோரின் கம்பளிக் காலுறைகளைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் இரண்டு கைகளில் பிடித்துப் பார்த்தாள்.

“ஹல்வார், பனிய முழங்கால்லதானே வச்சே? ரெண்டு பாதமும் ஒரு மணி நேரமா அடுப்புப் பக்கம்தான் கிடக்கு. ஒண்ணு கதகதன்னு இருக்கு. இது மட்டும் ஏன் வெளுத்துப்போய் ஜில்லுனு இருக்கு?”

“கொஞ்சம் பொறு. போயிடும்.”

தோர்டிஸ் பொறுக்கவில்லை. போன் போட்டாள். ஹெலிகாப்டர் வந்தது.

முழங்காலுக்குப் பின்னால் கிழிந்திருந்த ரத்தக்குழாயைத் தைத்துவிட்டு வந்த டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: “இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா, கால் போயிருக்கும்.”

அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஹெலிகாப்டரை வரவழைத்ததே தான்தான் என்று ஹல்வார் இப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். நான் மறுப்பதில்லை. அந்த இரண்டாவது வாளியை அள்ளி வந்தது யார் என்று அவரும் யாரிடமும் சொல்வதில்லையே.

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டில் கடைசியாக ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, உங்கள் வாயிலிருந்து முதலில் வந்த சொல் எது? உங்களுக்கு மறந்திருக்கும். விழுந்தவரைக் கேளுங்கள்.