பூனைக்குட்டிக்குச் சம்மதம் சொன்ன விபரம்

அன்புத் தம்பி இரவிச்சந்திரனுக்கு,

மொன்றியலில் இருந்து அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். ரொறன்ரோவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கத் தெய்வம் துணை நிற்கட்டும். சுகமில்லாமல் கிடப்பது என் மரியாதை ஒன்றுதான். அதைக் கெடுத்தவர்களில் நீயும் ஒருவன். போனில் சொன்னால் இடையில் சிரிப்பாய் என்றபடியால் எழுதுகிறேன்.

பேத்தி ஆர்த்திகாவுக்கு மூன்றரை வயது. பூனைக்குட்டி வேண்டும் என்று சோற்றை மறுத்துக்கொண்டிருந்தாள். மருமகன் மதுஷன் தேடிப் பிடித்து, ஆதரவில்லாத பூனைகளை நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தன் வீட்டில் வளர்த்துக் கொடுக்கும் மிரேய் என்ற பெண்ணிடம் சனிக்கிழமை எங்களைக் கூட்டிப்போனார். மகள் கஜந்தினி உள்ளே போன உடனே வெள்ளையாய், புசுபுசு என்று இருந்த சின்னக் குட்டியைத் தூக்கினாள். நான் விட்டேனா? பிள்ளை உள்ள வீட்டுக்குக் குணமல்லவோ முக்கியம். நூலகத்துப் புத்தகங்களை வாசித்து வைத்திருந்தேன். மிகச் சின்னக் குட்டி பிள்ளையின் கையில் நசிந்துபோகும், தாயை விட்டு நேரத்துக்கு முந்திப் பிரித்தது கடிக்கும், பயந்தது கீறும். தாய் எப்படிப்பட்டது, பிள்ளைகளோடு பழகினதா என்று நான் கேட்க, கஜந்தினி பிரெஞ்சில் சொல்ல, மிரேய் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு மறுமொழி சொன்னாள். அந்த நேரம் ஒரு சாம்பல் நிறக் குட்டி தானாக வந்து ஆர்த்திகாவின் காலில் ஏறி இருந்தது. அவள் வாலை இழுத்தாள். குட்டி கீறவில்லை. வாலை மெல்ல விடுவித்துக்கொண்டு மற்றக் காலில் போய் இருந்தது. தம்பி, இதுதான் எங்கள் வீட்டுப் பூனை என்று முடிவெடுத்துவிட்டேன்.

ஆனால் பார்த்த இடத்திலேயே ஓம் சொல்வது எங்கள் வழக்கமா? உனக்குப் பொம்பிளை பார்க்கப் போனபோது எங்கள் அப்பு என்ன செய்தார்? பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, "போய் யோசிச்சு அறிவிக்கிறம்" என்று எழும்பவில்லையா? நானும் அதைச் சொல்லி எழும்பினேன். புகழ்ந்தால் நாவூறு பட்டுவிடும் என்று, காது கொஞ்சம் பெரிசு என்றும் சொல்லி வைத்தேன்.

"அப்பா, இதென்ன கலியாணப் பேச்சே? பிடிச்சால் பிடிச்சிருக்கு எண்டு சொல்லுங்கோவன்."

"நான் சொன்னதை மட்டும் சொல்லு, பிள்ளை."

சொன்னாள், காது உட்பட. அன்று பின்னேரமே மிரேய் அந்தக் குட்டியை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டாள். எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தாளாம். ஆர்த்திகா கதவடியில் படுத்து அழுதாள். கஜந்தினி தேத்தண்ணியை எனக்கு முன்னால் டக்கென்று வைத்துவிட்டுப் போனாள். ஆறுதலுக்கு உன்னைக் கூப்பிட்டால் நீ என்ன கேட்டாய்? "ஏன் அண்ணை, சாதகம் பொருந்தேல்லையோ?" கூடப் பிறந்தவன் கேட்கிற கேள்வியா அது?

மறுநாள் மதுஷன், "மாமா, அங்கை இன்னொரு குட்டி நிக்குதாம்" என்றார். கஜந்தினி, "அப்பா வரலாம், வாயைத் திறக்கப்படாது" என்றாள். போனோம். மிரேய் உள்ளறையில் இருந்து கறுப்புக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். மற்றதுகளைவிட மூத்தது. ஆர்த்திகா சந்தோஷத்தில் கத்திய கத்தலில் வெள்ளைக் குட்டி சோபாவுக்குக் கீழே ஓடிவிட்டது. கறுப்பு கொட்டாவி விட்டது. ஆர்த்திகா அரிசி மூட்டை போல அதை இடுப்பில் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். வழுக்கி இறங்கி, உடம்பை உதறிவிட்டு, திரும்ப அவளிடமே வந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அதற்காக நான் வழக்கத்தை விடுவேனா? "போய் யோசிச்சு அறிவிக்கிறம்" என்று எழும்பி, சப்பாத்தைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே இரும்புப் படியில் போய் நின்றேன். மூக்கு விறைக்கும் வரைக்கும் யோசித்தேன். பிறகு மணியை அடித்தேன். மிரேய் கதவைத் திறந்தாள். "சம்மதம்" என்று அறிவித்தேன்.

இப்போது கறுப்பன் ஆர்த்திகாவின் கட்டிலுக்குக் கீழே குடியிருக்கிறான். அவள் சோறு சாப்பிடுகிறாள். நான் ஆற அமர யோசித்தபடியால்தானே இவன் கிடைத்தான்? சாம்பல் போனது நல்லதுக்கே. காது உண்மையாகவே பெரிசுதான். ஆகையால் நீ கஜந்தினியைக் கூப்பிட்டு, "கொப்பர் செய்தது சரி பிள்ளை" என்று சொல்ல வேண்டும். சிரிக்காமல் சொல்ல வேண்டும்.

உன் மனைவி அஜந்தாவின் முழங்கால் நோ குறையவும், பிள்ளைகள் நேரத்துக்கு வீடு வந்து சேரவும் வேண்டிக்கொண்டு,

சொன்ன சொல்லில் நிற்கும் அண்ணன்,
நடராசலிங்கம்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போக மிரேய் போன் எடுத்தாள். அந்தக் குடும்பத்துத் தகப்பனுக்குத் தும்மல் நிற்கவில்லையாம். சாம்பல் குட்டி திரும்பி வந்துவிட்டது, வேணுமோ என்று கேட்கிறாள். கஜந்தினி, "ரெண்டு பூனையோ? நாங்கள் யோசிச்சு..." என்று இழுத்தாள். நான் போனைப் பறித்து "ஓம், ஓம், ஓம்" என்று தமிழிலேயே சொல்லிப்போட்டன். மிரேய்க்கு விளங்கியிட்டுது. மதுஷன் காரை எடுத்திட்டார், நான் போறன். நீ கஜந்தினியைக் கூப்பிட வேண்டாம்.