மீனில்லாத நாடு

பழவேற்காடு ஏரியில் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. எந்த வலைக்கு எந்தப் பாடு, அதாவது ஏரியில் எந்த இடம், என்று வருஷா வருஷம் குப்பத்தில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு பண்ணுவார்கள். நல்ல ஏற்பாடு. அதில் யாருக்கும் வருத்தமில்லை.

வருத்தம் கனடாவில் ஆரம்பித்தது. குப்பத்துப் பையன்கள் ரெண்டு பேர் அங்கே படிக்கப் போய், ஒரே பீட்சா கடையில் ஒரே வேலைக்கு நின்றார்கள். ஒருத்தனுக்குக் கிடைத்தது. கிடைக்காதவனின் அம்மா இங்கே குழாயடியில் கிடைத்தவனின் அம்மா மேல் குடத்தைத் தூக்கி அடித்தாள். உடனே ஊர்ப் பஞ்சாயத்து கூடி, "இனி வெளிநாடுகள் யாவும் பாடுகளாகவே கருதப்படும். குலுக்கலில் விழாத நாட்டில் எவரும் படிக்கலாகாது. மீறுவோர் குடும்பத்து வலைக்கு அவ்வருடம் ஏரியில் இடமில்லை" என்று தீர்மானம் போட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் குப்பத்துப் பெண் பூமிகாவுக்கு நிதிக் கணித மேற்படிப்புக்கு சிங்கப்பூர், இங்கிலாந்து, ஜெர்மனி என்று மூன்று இடத்தில் கிடைத்துத் தொலைத்தது. மூன்று பாடத்திட்டத்தையும் வரி விடாமல் படித்து, ஜெர்மனிதான் என்று முடிவு பண்ணிவிட்டாள். ரெண்டு வருஷம், முழுக்கக் கணக்கு. மற்ற ரெண்டிலும் கோட்டு மாட்டிக்கொண்டு கைகுலுக்குவதற்கே தனியாக ஒரு பாடம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட வேண்டும்.

அப்பா முனிகிருஷ்ணனோ, "ஊரைக் கேக்காம எப்டிம்மா? அப்புறம் வலைய இன்னா ஊட்டுக்குள்ளயா போடுவேன்?" என்றார்.

பஞ்சாயத்து கூடியது. தலைவர் துளசிராமன் சொம்பும் சீட்டுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் 'துறை நிபுணர்' பார்த்திபன். கும்மிடிப்பூண்டியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் வைத்திருப்பவர். அந்த வெயிலிலும் கோட்டு.

"இன்னா படிப்பும்மா இது?" என்றார் தலைவர்.

"நஷ்டம் எவ்ளோ வரும்னு முன்னாடியே கணக்குப் போடற படிப்பு தலைவரே."

"வந்தப்புறம் எண்ணிக்கினா ஆவாதா?"

கூட்டம் சிரித்தது. பூமிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க இன்னா பாடம்னு பாத்துத்தான் நாட்டை எடுக்கணும்!"

"சொம்பு அதெல்லாம் பாக்காதும்மா. அதனாலதான் அது நியாயமான சொம்பு."

அடுத்து நிபுணரின் மேலான கருத்து கேட்கப்பட்டது.

"இந்த மாசம் எல்லாரும் சிங்கப்பூர்தான் சார். இங்கிலாந்து போன மாசம்" என்றார் பார்த்திபன்.

"ஜெர்மனி?"

பார்த்திபன் முகத்தைச் சுளித்தார். "வேஸ்ட் சார். நான் ஆள் அனுப்பினா அங்க கமிஷனே தர்றதில்ல."

பூமிகா அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். "தலைவரே, மீனே இல்லாத எடத்துக்குச் சீட்டு போடுவீங்களா?"

"அதுக்கு எதுக்கு சீட்டு? எவன் வேணா வலை போட்டுக்கட்டும்."

"இவ்ளோ பெரிய நிபுணருக்கே ஜெர்மனியில ஒண்ணும் மாட்டலியாம்."

தலைவர் மீசையைத் தடவினார். பிறகு எழுந்து நின்று, "ஜெர்மனி மீனில்லாத நாடு என இப்பஞ்சாயத்து ஏகமனதாக அறிவிக்கிறது" என்றார். எல்லோரும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். ஒரு அத்தை நிஜமாகவே அழுதாள்.

ஒரு வருஷம் ஓடியது. பூமிகா வகுப்பில் முதலாவதாக வந்து, ரெண்டாம் வருஷத்துக்குப் புத்தகம் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது தலைவர் போன் பண்ணினார்.

"குலுக்கல் முடிஞ்சுதும்மா. உனக்கு சிங்கப்பூர் வுழுந்துகீது."

"எனக்கு இங்க இன்னும் ஒரு வருஷம் இருக்குது தலைவரே!"

"பாடு ஒரு வருஷத்துக்குத்தாம்மா. மிச்சத்தை அங்க படி. கணக்கு எந்த ஊர்ல போட்டாலும் ஒண்ணுதானே? ஜெர்மனி என் பையனுக்கு வுழுந்துகீது. ரூமைக் காலி பண்ணி வை. உங்க அப்பாவுக்கும் ஏரியில வலை போடணும் இல்ல?"

அவர் பின்னால் பார்த்திபனின் ஜெர்மன் வகுப்பு கேட்டது. குப்பமே ஒரே குரலில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டிருந்தது. அழுத அத்தையின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

"மீனில்லாத நாடுன்னு நீங்கதானே சொன்னீங்க! இப்ப அதுக்கு ஏது குலுக்கல்?" என்று கத்தினாள் பூமிகா.

"சொன்னோம். ஆனா போயி ஒரு வருஷமாவுது, நீ திரும்பி வர்லியே. மீனில்லாத எடத்துல எவளாச்சும் அவ்ளோ நேரம் நிப்பாளா?"